சுழன்றும் ஓடாத எஞ்சின்

மலையோரங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு மோட்டார் வண்டி இன்று ஆடம்பரப் பொருள் அன்று. பாலக்காட்டுப் பக்கம் சிற்றூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் நெல்லியாம்பதித் தோட்டங்களிலும், இடுக்கிப் பக்கம் தேவிகுளம், உடும்பஞ்சோலை, பீருமேடு வட்டங்களிலும் வாழ்கின்ற தமிழர்க்கு, சொந்த ஊருக்குப் போய்வருவதும், நோயாளியை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்ப்பதும், பிள்ளைகளின் பரீட்சையும், தோட்டத்து வேலையும் ஒரு ஜீப்பையோ காரையோ நம்பியே நடைபெறுகின்றன. விடியற்காலையில் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழிகளில் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளை நாம் நன்கு அறிவோம். அவ்வண்டி ஒரு நாள் கிளம்பவில்லையெனில், அதில் ஏறவேண்டிய அத்தனை பேருக்கும் அன்றைய கூலி இல்லை.

வண்டி கிளம்பாமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒரு வகையை மட்டும் இங்கே ஆராய்வோம். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுழல்கிறது. அதனோடு எஞ்சினும் சுழல்கிறது. ஆயினும் எஞ்சின் தானே ஓடத் தொடங்கவில்லை. “செல்ஃப் எடுக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை” என்று பட்டறைகளில் கூறுவது இதனையே. இதற்கு நம்மவர் செய்யும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான்: எல்லாரும் இறங்கித் தள்ளுவது. அவ்வைத்தியம் இந்நோய்க்கு உரியதன்று என்பதையும், மலைப்பாதையில் அது உயிருக்கே கேடாக முடியலாம் என்பதையும் முதலில் வற்புறுத்த விரும்புகிறோம்.

தள்ளுவதால் ஆவது என்ன?

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில், வண்டியின் முன்புறத்தில் ஓர் இரும்புக் கைப்பிடியைச் செருகிக் கையால் சுற்றியே எஞ்சினைக் கிளப்பினர். சில வேளைகளில் அக்கைப்பிடி எதிர்த்து உதைக்கும். மணிக்கட்டு முறிந்தவர் பலர். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பார் வகுத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்ட பிறகே இத்துன்பம் படிப்படியாக நீங்கிற்று. ஆள் இன்றித் தானே கிளப்புவதால் அதனை ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்றனர். அதுவே நம் நாவில் ‘செல்ஃப்’ என்று நிலைத்தது. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு அவர்கள் 1920-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டித் தம் தொழிலைத் தொடங்கினார். அவரைப் போன்றோர் தொழில் நடத்திய அந்நாளில், ஓட்டுவோர் யந்திரத்தின் இயல்பையும் ஓரளவு அறிந்தாக வேண்டியிருந்தது. இன்று சாவி ஒன்றே போதுமானதால், அந்த அறிவு நம்மை விட்டு அகன்றுவிட்டது.

கைப்பிடி சுற்றுவதும், செல்ஃப் சுழற்றுவதும், ஆட்கள் தள்ளுவதும் ஒரே வேலையைச் செய்வனவே. எஞ்சினுக்கு முதல் சுழற்சியைத் தருவது அவ்வேலை. ஆகவே, செல்ஃப் விசையோடு சுழற்றியும் ஓடாத எஞ்சின், தள்ளினாலும் ஓடாது. பசியால் மயங்கியவனைத் தட்டியெழுப்பிக் கொண்டேயிருப்பதற்கு அது ஒப்பாகும். பாட்டரி தளர்ந்து, செல்ஃப் முனகி முனகி மெதுவாகச் சுழலும்போது மட்டுமே தள்ளுதல் பயன் தரும். அந்நிலையிலும் சமதரையில்தான் அதனைச் செய்தல் வேண்டும்.

சரிவில் உருட்டிவிட்டுக் கிளப்புவது மலைநாட்டு வழக்கமாகிவிட்டது. இதன் அபாயத்தை உணர வேண்டும். இக்காலத்துப் பெரும்பாலான வண்டிகளில் பிரேக்குக்குத் துணைவிசை எஞ்சின் ஓடும்போதுதான் உண்டாகிறது. எஞ்சின் ஓடாதபோது, இரண்டு மூன்று முறை மிதித்தவுடன் மிச்சமிருந்த துணைவிசை தீர்ந்துவிடும். பிறகு மிதி கல்லைப் போல் இறுகிவிடும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும். சாவியை உருவிவிட்டாலோ ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். போடிமெட்டு இறக்கத்தில் 17 கொண்டையூசி வளைவுகள் உள்ளன. எஞ்சின் கிளம்பும் என்ற நம்பிக்கையில் அத்தகைய பாதையில் உருட்டப்பட்ட வண்டி, அடுத்த வளைவுக்குள் கிளம்பாவிட்டால் அதனை நிறுத்துவது யார்? பயணிகளை உள்ளே வைத்துக்கொண்டு இதனைச் செய்தல் ஒருபோதும் தகாது.

முதலில் செய்ய வேண்டியது வேறு. கைப்பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்து, அபாய விளக்கை எரியவிட்டு, முக்கோணப் பலகையை வளைவுக்கு முன்னதாகவே பிறர் காணும்படி நிறுத்துதல் வேண்டும். ஆட்கள் பள்ளத்தின் ஓரத்திலோ வண்டிக்குப் பின்னாலோ நில்லாமல் மலைச்சுவர்ப் பக்கமாக நிற்க வேண்டும். வண்டியில் நோயாளி இருப்பின் பழுதைப் பார்த்துக்கொண்டிராமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். இரு மாநிலங்களிலும் ஆம்புலன்ஸுக்கு எண் அதுவே.

காதால் அறிதல்

செல்ஃப் சுழல்வதே நமக்குப் பாதி விடையைச் சொல்லிவிடுகிறது. பாட்டரி, செல்ஃப், அதன் கம்பிகள் ஆகியவை ஏறக்குறைய நலமாயுள்ளன என்பது அதனால் தெரிகிறது. ஆகவே, புதிய பாட்டரி வாங்க ஓடவேண்டியதில்லை.

அடுத்து, அது சுழலும் ஓசையைக் கவனிக்க வேண்டும். ஓசை மூன்று வகைப்படும். முதல் வகை, தளர்ந்த முனகல். பாட்டரியின் வலு குறையும்போது எஞ்சின் மெல்லச் சுழன்றாலும், பொறிக்கும் வண்டியின் மின்னணுப் பெட்டிக்கும் போதிய மின்சாரம் கிடைக்காமற் போகலாம். 12 வோல்ட் பாட்டரி, செல்ஃப் சுழலும்போது சுமார் 10 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் அதனை ஐயுறலாம். பாட்டரி முனைகளில் பூத்துள்ள வெண்மையான உப்பைச் சுரண்டி, பிடியை இறுக்கினாலே சில வண்டிகள் கிளம்பிவிடும்.

இரண்டாம் வகை, வழக்கமான விசையும் வழக்கமான தாளமும் உள்ள ஓசை. சிலிண்டர்கள் ஒவ்வொன்றாகக் காற்றை அழுத்துவதால் எழும் தாளம் அது. இத்தாளம் கேட்டால், குறை பெரும்பாலும் எரிபொருளிலோ பொறியிலோதான் இருக்கும்.

மூன்றாம் வகை, தாளமே இன்றி, தையல் யந்திரம் போல் இலேசாகவும் வேகமாகவும் சுழலும் ஓசை. டைமிங் பெல்ட் அறுந்துபோனமைக்கு இது அறிகுறி. சிலிண்டரில் காற்று அழுத்தப்படவில்லை என்பது பொருள். இவ்வோசை கேட்டவுடன் சாவியை விட்டுவிட வேண்டும். மேலும் சுழற்றினால் வால்வும் பிஸ்டனும் மோதிச் செலவு பன்மடங்காகும். இதற்குப் பட்டறையே வழி.

எவ்வகையாயினும், தொடர்ந்து 10 வினாடிக்கு மேல் செல்ஃபைச் சுழற்றலாகாது. ஒவ்வொரு முறைக்கும் இடையே அரை நிமிடமேனும் ஓய்வு தருதல் வேண்டும். ஐந்தாறு முறைக்குப் பின்னும் கிளம்பாவிட்டால், ஐம்பதாவது முறையும் கிளம்பாது. நலமாயிருந்த பாட்டரியும் தீர்ந்து, ஒரு நோய் இரண்டு நோயாகிவிடும்.

பெட்ரோல் வண்டி

பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு எரிபொருள், காற்று, மின்பொறி, அழுத்தம் ஆகிய நான்கும் உரிய நேரத்தில் ஒன்றுகூட வேண்டும். அழுத்தத்தைக் காதால் அறிந்தோம். மற்றவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் எரிபொருள். தொட்டியில் பெட்ரோல் உள்ளதா என்று கேட்பது பலருக்குச் சிரிப்பாகத் தோன்றும். எனினும், முள்ளை முற்றும் நம்பலாகாது. குறைந்த அளவே உள்ள பெட்ரோல், செங்குத்தான ஏற்றத்தில் வண்டி நிற்கும்போது தொட்டியின் ஒரு மூலையில் ஒதுங்கி, உறிஞ்சும் குழாய்க்கு எட்டாமற் போவதுண்டு.

கார்புரேட்டர் இல்லாத இக்கால வண்டிகளில், பெட்ரோல் பம்பு தொட்டிக்குள்ளேயே உள்ளது. செல்ஃப் அடிக்காமல் சாவியை ‘ஆன்’ நிலையில் மட்டும் வைத்தால், பின்னிருக்கைப் பக்கமிருந்து இரண்டு மூன்று வினாடி ‘உம்’ என்ற மெல்லிய ரீங்காரம் கேட்கும். ரேடியோவை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்க வேண்டும். அவ்வோசை இல்லையெனில், பம்பின் பியூஸ், ரிலே, பம்பு ஆகியவற்றுள் ஒன்றில் குறை உண்டு. சில ரூபாய் விலையுள்ள பியூஸ் ஒன்று போனதற்காகப் பம்பையே மாற்றிவிடாமல், முதலில் பியூஸைப் பார்க்கச் சொல்லுதல் நன்று. தோட்டத்து லயங்களில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்த கம்பியும் காரணமாகலாம்.

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் வேறொரு தொல்லை உண்டு. வெயில் கொளுத்தும் அடிவாரத்திலிருந்து பாரத்தோடு ஏற்றம் ஏறி நின்றவுடன், எஞ்சினின் சூட்டில் குழாயிலுள்ள பெட்ரோல் கொதித்து ஆவியாகிப் பம்பை அடைத்துவிடும். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் பெட்ரோல் எளிதில் கொதிக்கிறது. இதற்கு மருந்து பொறுமைதான். பானெட்டைத் திறந்து வைத்து, பம்பின்மேலும் குழாயின்மேலும் ஈரத்துணி போர்த்தி, கால் மணியோ அரை மணியோ ஆறவிட்டால் வண்டி தானே கிளம்பும்.

இனி, பெட்ரோல் மிகுதியாவதும் ஒரு குறையே. திரும்பத் திரும்பச் செல்ஃப் அடித்து ஆக்ஸிலேட்டரையும் மிதித்து மிதித்து விட்டால், பிளக்குகள் பெட்ரோலில் நனைந்து பொறி விடாது. பெட்ரோல் நாற்றம் மூக்கைத் துளைத்தால் இதுவே காரணம். பத்து நிமிடம் பொறுத்து, ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்தியபடியே 5 முதல் 10 வினாடி வரை செல்ஃப் அடித்தால் உள்ளே தேங்கியது வெளியேறும். அவ்வேளையில் அருகே பீடியோ தீக்குச்சியோ பற்றவைக்கலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

அடுத்து மின்பொறி. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தைக் காயில் சுமார் 20,000 வோல்ட் அளவுக்கு உயர்த்திப் பிளக்குக்கு அனுப்புகிறது. அவ்வளவு உயர்ந்த அழுத்தமுள்ள மின்சாரம் ஈரத்தைக் கண்டால் வழி மாறிப் பாய்ந்துவிடும். ஆகவேதான் இடுக்கி மலைகளின் ஆனி ஆடி மழையிலும், மார்கழிப் பனிமூட்டத்திலும் முந்திய நாள் வரை நன்றாக ஓடிய பழைய கார்கள் காலையில் மக்கர் செய்கின்றன. டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்து, பிளக் வயர்களையும் துடைத்துச் செருகினால், செலவின்றியே குணமாகலாம். துடைக்கும் முன் சாவியை அணைத்தல் வேண்டும். புதிய வண்டிகளில் டிஸ்டிரிபியூட்டர் இல்லை. பிளக்கின் தலையிலேயே காயில் அமர்ந்துள்ளது. அவற்றில் வயரைக் கழற்றிப் பொறி பார்க்கும் பழைய முறையைக் கையாளலாகாது. மின்னணுப் பெட்டி கெடுவதுடன், கடுமையான அதிர்ச்சியும் உண்டாகும்.

புதிய வண்டிகளில் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். டாஷ்போர்டில் சாவி அல்லது பூட்டு வடிவத்தில் ஒரு விளக்கு விட்டு விட்டு எரிகிறதா? திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர், அச்சாவியைத் தன் சாவியென்று ஒப்புக்கொள்ளவில்லை என்பது அதன் பொருள். எஞ்சின் சுழலும், பெட்ரோலோ பொறியோ கிடைக்காது. வாங்கும்போது தந்த இரண்டாம் சாவியை இட்டுப் பார்க்க வேண்டும். அதனைச் சொந்த ஊர் வீட்டு அலமாரியில் பத்திரமாகப் பூட்டி வைத்துவிட்டு, இங்கே தவிப்பவர் உண்டு. இரண்டாம் சாவி வண்டி இருக்கும் ஊரில் இருப்பதே முறை.

செல்ஃப் சுழலும்போது எஞ்சின் வேகம் காட்டும் முள் சற்றும் அசையாதிருந்தால், எஞ்சின் சுழல்வதை மின்னணுப் பெட்டிக்கு அறிவிக்கும் கிராங்க் சென்சாரில் பழுது இருக்கலாம். இது நம் கையால் தீர்வதன்று. ஆனால் இக்குறிப்பை மெக்கானிக்கிடம் கூறினால் அவர் பாதி நேரத்தில் வேலையை முடிப்பார்.

டீசல் வண்டி

மலைப்பாதை ஜீப்புகளுள் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானிய அறிஞர் 1897-ஆம் ஆண்டில் வெற்றிகரமாக ஓட்டிக்காட்டிய எஞ்சினின் வழிவந்தவை அவை. அவற்றுக்குப் பிளக்கும் பொறியும் இல்லை. காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக அழுத்தும்போது அது 500 டிகிரி செல்ஷியஸுக்கும் மேலாகச் சூடேறுகிறது. அச்சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே இங்கே பார்க்க வேண்டியவை இரண்டே: டீசல் வந்து சேர்கிறதா? போதிய சூடு உண்டாகிறதா?

இதனை அறியச் சைலன்சரின் வாயை நோக்குக. ஒருவர் செல்ஃப் அடிக்க, வண்டிக்கு நேர் பின்னே நில்லாமல் பக்கவாட்டில் நின்று மற்றொருவர் பார்க்க வேண்டும். வெண்புகை வந்தால், டீசல் வருகிறது, ஆனால் எரியவில்லை என்று கொள்க. சூடு போதவில்லை. புகையே இல்லையெனில், டீசல் வந்து சேரவேயில்லை.

சூடு போதாமை குளிர்காலத்து நோய். மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது; சனவரி மாதத்தில் அங்கே புல்லின்மேல் உறைபனி படிகின்ற நாட்களும் உண்டு. சில்லிட்ட எஞ்சினுக்கு உதவவே ஹீட்டர் பிளக்குகள் உள்ளன. சாவியைப் போட்டவுடன் எரியும் மஞ்சள் நிறச் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். அவசரத்தில் இதனை மறப்பவரே மிகுதி. பொறுத்தும் கிளம்பாவிட்டால் ஹீட்டர் பிளக்கையும் அதன் ரிலேயையும் பார்க்க வேண்டும்.

டீசல் வராமைக்குப் பழைய ஜீப்பில் மிக எளிய காரணம் ஒன்றுண்டு. எஞ்சினை நிறுத்துவதற்காக இழுத்த ஸ்டாப் கம்பி, திரும்ப உள்ளே தள்ளப்படாமல் இருக்கலாம். அது இல்லையெனில், பம்பின்மேல் டீசலைத் திறந்துவிடும் சிறு மின்கருவியின் வயர் கழன்றிருக்கலாம். அடுத்தது, குழாயில் காற்றுப் பிடித்தல். டீசல் தீரும்வரை ஓட்டிவிட்டுப் பிறகு கேனில் வாங்கி ஊற்றினாலும் வண்டி கிளம்பாது; ஏனெனில் குழாய் முழுதும் காற்று நிறைந்துவிட்டது. ஃபில்டரின் அருகேயுள்ள கைப்பம்பை அது இறுகும்வரை அடித்து, ஃபில்டர் மேலுள்ள திருகைச் சற்றே தளர்த்தி, நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரையும் இவ்வேளையில் வடித்துவிடலாம். ஆனால் இக்காலத்துக் காமன் ரெயில் எஞ்சின்களில் நாசிலுக்குச் செல்லும் இரும்புக் குழாய்களை ஒருபோதும் தளர்த்தலாகாது. எஞ்சின் ஓடும்போது அவற்றில் 1,000 பாருக்கும் மேற்பட்ட அழுத்தம் உண்டு. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்துவிடும்.

பெட்ரோலோ டீசலோ, புதிதாக நிரப்பிய சிறிது நேரத்தில் வண்டி நின்றிருந்தால், எரிபொருள் மாறி நிரப்பப்பட்டதா, தண்ணீர் கலந்ததா என்று ஐயுறுதல் வேண்டும். இந்நாளில் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும் இயல்புடையது. தண்ணீர் மிகுந்தால் இரண்டும் சேர்ந்து பிரிந்து தொட்டியின் அடியில் தங்கும். மழைநாட்டில் தொட்டியின் மூடி இறுக்கமாக இருத்தல் இதனால் முக்கியமாகிறது.

மெக்கானிக்கிடம் சொல்ல வேண்டியவை

இவ்வளவும் பார்த்தும் கிளம்பாத வண்டிக்கு மெக்கானிக்கின் உதவி அவசியம். “வண்டி ஓடவில்லை, வாருங்கள்” என்று மட்டும் தொலைபேசியில் சொன்னால், அவர் எந்தக் கருவியை எடுத்து வருவார்? செல்ஃப் வேகமாகச் சுழல்கிறதா, மெதுவாகவா. ஓடும்போது நின்றதா, நிறுத்திய பின் கிளம்பவில்லையா. எஞ்சின் சூடா, குளிர்ச்சியா. பம்பின் ஓசை கேட்கிறதா. பெட்ரோல் நாற்றமோ புகையோ உண்டா. எந்த விளக்கு எரிகிறது. கடைசியாக எப்போது எரிபொருள் நிரப்பினீர்கள். இந்த ஏழையும் சொன்னால் போதும். மலையாளம் சரளமாக வராதவர்களும் இதற்கு அஞ்சவேண்டியதில்லை. செல்ஃப், பிளக், பம்பு, ஹீட்டர், ஃபில்டர் என்னும் சொற்கள் எல்லையின் இருபுறத்துப் பட்டறைகளுக்கும் பொதுவானவை.

இவ்விவரங்களைச் சொல்பவரிடம், தேவையற்ற பாகங்களை மாற்றி விலை போடுவதும் எளிதன்று. கூலியில் மிச்சம் பிடித்து வண்டி வாங்கிய குடும்பங்களுக்கு இது சிறிய லாபமன்று.

வண்டி ஓட்டுபவர் மட்டுமின்றி, அதில் நாள்தோறும் பயணம் செய்யும் நம் சகோதரிகளும் இவற்றை அறிந்திருத்தல் நலம். இறங்கித் தள்ளச் சொல்பவரிடம், “செல்ஃப்தான் நன்றாகச் சுழல்கிறதே, எதற்காகத் தள்ள வேண்டும்?” என்று கேட்கும் துணிவு அவர்களுக்கு வேண்டும். பழுது நீங்கிப் புறப்படும்போது, சக்கரத்துக்கு வைத்த கல்லைச் சாலையிலேயே விட்டுவிடாமல் ஓரத்தில் எடுத்துப்போடச் சொல்வதும் அவர்கள் கடமையாகும். பின்னால் இருளிலும் மஞ்சுமூட்டத்திலும் வரும் வண்டியிலும் நம்மைப் போன்ற குடும்பம் ஒன்று இருக்கும்.